வந்தால் போகாத ஒருத்தியை அனுப்பு என்று கேட்டேன்

என் மகள் அபிராமியால் வலது கையைத் தூக்க முடியாமல் போனது அவளுடைய ஒன்பதாவது வயதில். அக்குளிலிருந்து முழங்கை வரை தீயில் வெந்த தோல், ஆறும்போது சுருங்கிச் சுருங்கிக் கையை விலாவோடு சேர்த்து இழுத்துப் பிடித்துவிட்டது. சட்டை போட முடியாது. தலை வார முடியாது. சோற்றை இடது கையால் அள்ளிச் சாப்பிடுவாள். யாராவது வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் இருந்த அம்மன் படத்தை ஒருநாள் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். "நீ பார்த்துக்கிட்டு இருந்தது போதும்" என்று சொல்லித்தான் திருப்பினேன்.

அம்மனை நம்பும் உங்களிடம் இதை மறைக்க எனக்கு மனமில்லை. நன்னிலத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வெள்ளிக்கிழமை விளக்கேற்றக் கூடும் பெண்கள் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசியதை எழுதியும் தரச் சொன்னார்கள். என் பெயர் தவமணி. மீன் விற்கிறவள். எனக்கு வந்த துன்பத்தையும், அம்மன் எனக்குச் செய்ததையும் நடந்தபடியே சொல்கிறேன். நான் பணிவாகக் கேட்டுப் பெற்றேன் என்று மட்டும் யாரும் நினைத்துவிடாதீர்கள்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே இரண்டு மீனவ ஊர்கள். எங்களுடையது நடுக்கரை. பக்கத்து ஊர் புளியங்கரை. இரண்டுக்கும் நடுவில் எல்லையம்மன் கோயில். பள்ளிக்கூடம் புளியங்கரையில் இருக்கிறது. பேருந்து நிற்கும் ரோடும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. எங்கள் ஊர்ப் பெண்ணை அவர்கள் ஊரில் கொடுப்பதும், அவர்கள் பெண் இங்கே வாழ வருவதும் காலம் காலமாக நடந்ததுதான். அப்படிப்பட்ட ஊர்கள் வலையால் பகையாயின. பெரிய சுருக்குவலை போட்டே தீருவோம் என்று ஒரு ஊர். போட்டால் குஞ்சு மீன்கூட மிஞ்சாது, விடமாட்டோம் என்று இன்னொரு ஊர். பேசினார்கள், கத்தினார்கள், கடைசியில் ஒரு மாசி மாதம் கடலிலேயே படகுகளை மோதவிட்டார்கள். புளியங்கரைக்காரர் ஒருவர் தண்ணீரில் விழுந்து செத்துப்போனார்.

அன்று சாயங்காலமே அவர்கள் வந்து எங்கள் கரையோரத் தெருவைக் கொளுத்தினார்கள். எங்கள் வீட்டு அடுப்படி கீற்றுக் கொட்டகை. அபிராமி உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கூரை அவள் மேலேயே இறங்கிவிட்டது. நான் இழுத்து வெளியே போட்டேன். மறுநாள் எங்கள் ஆட்கள் போய் அவர்கள் தெருவைக் கொளுத்தினார்கள். கடலில் நடந்ததற்கும் கொளுத்தியதற்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட அந்த இரண்டு நாளும் கேட்கவில்லை.

என் கணவர் கலியபெருமாள் அன்று கடலில் இருந்தவர். வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது. சிறைக்குப் போய், பிறகு திருச்சியில் தங்கி தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஜாமீன் கிடைத்தது. கோயிலை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். இரண்டு ஊரும் அங்கேதான் மோதிக்கொள்ளும் என்று பயம். வாசலில் பந்தோபஸ்துக்கு ஒரு போலீஸ்காரர்.

முதல் சில வாரம் உதவிக்குக் குறையே இல்லை. வேன் வேனாக வந்தார்கள். அரிசி, பருப்பு, போர்வை, பிஸ்கட். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த அரிசியில்தான் நாங்கள் பிழைத்தோம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அபிராமிக்குத் தொடைத் தோலை எடுத்து வைத்து நன்றாகவே வைத்தியம் பார்த்தார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"அம்மா, இந்தத் தழும்பு வளராது. ஆனா உங்க பொண்ணு வளருவா. அதனால தெனமும் கைக்குப் பயிற்சி கொடுக்கணும். மாசாமாசம் கூட்டிட்டு வரணும். அவ வளர்ந்து முடிக்கிற வரைக்கும் விடக்கூடாது. விட்டா கை ஒட்டிக்கும்."

தலையை ஆட்டினேன். ஆனால் எப்படி வருவது? பேருந்துக்குப் போக புளியங்கரைக்குள் நுழைய வேண்டும். நடுக்கரைக்காரி என்று தெரிந்தால் கல் விழும். பள்ளிக்கூடத்துக்கும் அதே வழிதான், அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் நின்றது. சித்திரை வந்தபோது வேன்கள் நின்றுவிட்டன. வந்தவர்களில் ஒரு பையனின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டுக் கையைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, எங்களுக்கு அவசர உதவிக்குத்தான் அனுமதி. அந்த வேலை முடிஞ்சுபோச்சு" என்றான். பாவம், அவன் குரலே இறங்கிவிட்டது.

முடிந்துபோச்சு! என் பிள்ளைக்கு அப்போதுதான் ஆரம்பம்.

நானே இழுத்துவிட்டுப் பார்த்தேன். அவள் அலறுவாள். நான் விட்டுவிடுவேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும். கணவர் இல்லாததால் படகு கரையில் கிடந்தது. நான் உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன். அவளையும் கூடவே கூட்டிப்போய் வரப்பில் உட்காரவைப்பேன். தோழிகளோடு விளையாட மாட்டாள். பட்டாசுச் சத்தம் கேட்டால் என் சேலைக்குள் முகத்தைப் புதைப்பாள். ஆனியில் ஒருநாள் அவளே சொன்னாள், "அம்மா, இந்தக் கையை வெட்டிட்டா வலிக்காதுல்ல?" அன்றைக்குத்தான் படத்தைத் திருப்பி மாட்டினேன்.

ஆடி முதல் வெள்ளி. ஊரில் வேறு கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் போகவில்லை. நல்ல வெயிலில் அபிராமியைக் கூட்டிக்கொண்டு எல்லையம்மன் கோயிலுக்கு நடந்தேன். போலீஸ்காரர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, கோயில் பூட்டியிருக்கு தெரியாதா? இங்கெல்லாம் வரக்கூடாது."

"கோயிலுக்கு வரல சார். அவள பாக்க வந்தேன்."

"யார?"

"உள்ள இருக்காளே, அவள."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிள்ளையின் கையைப் பார்த்தார், மரத்தடிக்குப் போய்விட்டார். நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருட்டு. அம்மன் முகம்கூடத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை.

"உன்ன நான் அரிசி கேக்கல. போர்வை கேக்கல. வந்து பாத்துட்டுப் போறவங்கள இனிமே அனுப்பாத. எனக்கு அவங்க வேண்டாம். வந்தா போகாத ஒருத்திய அனுப்பு. ஒரே ஒருத்தி போதும். ரெண்டு ஊரும் உன்ன எல்லைன்னு வெச்சிருக்கு. நீ எல்லையா, தாயா? தாயின்னா காட்டு. அதுவரைக்கும் உனக்கு என் கையால கூழும் கிடையாது, விளக்கும் கிடையாது. இவ கையத் தூக்காம நான் உனக்குக் கையத் தூக்கிக் கும்பிட மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கும்பிடாமலே திரும்பினேன். சாமியை ஏசிவிட்டோமே என்ற பயம் இல்லை. கேட்டதைக் கேட்டுவிட்டோம் என்ற திமிர்தான் இருந்தது.

அடுத்த நாளே அதிசயம் நடந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. ஆடி போனது. அபிராமியின் கை இன்னும் கொஞ்சம் இறுகியது. வெள்ளிதோறும் அந்தக் கதவுக்குப் போனேன். வெறுங்கையோடு போய், "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வருவேன்.

ஆவணியில் ஒரு காலை. உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். வரப்பில் ஒரு ஸ்கூட்டி தடுமாறிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்த பெண் சுடிதார் போட்டு, துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்தாள். வழி தவறிவிட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அக்கா, புளியங்கரைக்கு இப்படிப் போலாமா? வேம்புன்னு ஒருத்தங்க வீடு. அவங்க பையனுக்குக் கால்ல தீக்காயம்."

வேம்பு யார் என்று எனக்குத் தெரியும். கடலில் செத்தவரின் மனைவி. எங்கள் ஆட்கள் கொளுத்தியபோது அவள் மகன் முகிலனுக்குக் கால் வெந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் வழி சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். அவள் பார்வை அபிராமி மேல் இருந்தது.

"பாப்பா, கைய இப்படிக் கொஞ்சம் காட்டுறியா? அக்கா, எத்தன மாசமா இப்படி இருக்கு?"

வரப்பிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். தழும்பை விரலால் மெதுவாக நீவிப் பார்த்தாள். அவள் பெயர் ஜெயந்தி. கும்பகோணத்துப் பெண். பிசியோதெரபி படித்தவள். தஞ்சாவூரில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை. சண்டை நடந்த இடங்களில் அடிபட்ட பிள்ளைகளைப் பார்ப்பதுதான் அவர்கள் பணி.

"வாரத்துக்கு ரெண்டு தடவ வருவேன்க்கா. மத்த நாளு நீங்க எப்படிச் செய்யணும்னு சொல்லித்தரேன். அப்புறம் ஆபரேஷன் ஒண்ணு தேவைப்படும். அதுக்கப்புறமும் பயிற்சி விடக்கூடாது."

"எத்தன மாசம் வருவீங்க மேடம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு இளக்காரம். இன்னொரு வேன் என்றுதான் நினைத்தேன். "உங்க வேல எப்ப முடியும்?"

"பாப்பா வளர்ந்து முடிக்கிற வரைக்கும்க்கா. அதுக்கு முன்னாடி எப்படிப் போறது?"

கையிலிருந்த உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டேன். பாத்தித் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள். அபிராமிதான், "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. சாமிகிட்ட சண்ட போட்டுச்சு, அதான்" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பிக் கதவு முன்னால் தரையில் ஒரு செம்புக் கூழ் வைத்தேன். "பாதிதான் செஞ்சிருக்க. அதனால கூழ் மட்டும். கும்பிடு மீதிக்கு" என்று சொன்னேன்.

பாதிதான் என்று நான் சொன்னது சரியாகப் போயிற்று. ஜெயந்திக்கு இரண்டு ஊரிலும் தனித்தனியாகச் செய்ய நேரமும் இல்லை, சாமானும் இல்லை. இரண்டு ஊருக்கும் பொதுவாக உப்பளத்து நடுவில் ஒரு பழைய கொட்டகை இருந்தது. உப்பள முதலாளி, "எடுத்துக்குங்க, சும்மாதானே கெடக்கு" என்றார். ஜெயந்தி அதன் உத்தரத்தில் கப்பி ஒன்றைக் கட்டிக் கயிறு போட்டாள். நல்ல கையால் ஒரு நுனியை இழுத்தால், மறு நுனியைப் பிடித்திருக்கும் கெட்ட கை மேலே போகும். பிள்ளையே தன் கையைத் தானே தூக்கிக்கொள்ளலாம்.

செய்தி ஊருக்குப் போனது. பஞ்சாயத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் பெண்கள் பஞ்சாயத்தில் பேசுவதில்லை. ஓரமாக நின்று கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். தலைவர் சிங்காரவேலு எனக்கு மாமா முறை.

"தவமணி, அந்த ஊர்ப் புள்ளைங்க வர்ற எடத்துக்கு நம்ம ஊர்ப் புள்ள போகக்கூடாது. நம்ம வீட்டக் கொளுத்துனவனுங்க."

"சரி மாமா. போகல."

எல்லோரும் நிம்மதியாக அசைந்து உட்கார்ந்தார்கள்.

"அப்ப நாளையிலேருந்து நீங்க வீட்டுக்கு வாங்க. தெனம் காலையில ஒரு மணி நேரம் அவ கையப் புடிச்சு இழுக்கணும். கத்துவா. கத்துறதக் கேட்டுக்கிட்டே இழுக்கணும். இங்க உக்காந்திருக்கிற யாரு வேணும்னாலும் வரலாம். யாரு வர்றீங்க? கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. "தூக்க முடியலல்ல? அவளாலயும் முடியல. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். என்னிடம் யாரும் பேசக்கூடாது, எனக்கு மீன் கொடுக்கக்கூடாது, விசேஷத்துக்கு அழைக்கக்கூடாது. தெருக் குழாயில் நான் குடத்தை வைத்தால் ஒருத்தி காலால் நகர்த்துவாள். நான் மறுபடி எடுத்து வைப்பேன். அவள் நகர்த்துவாள். நான் வைப்பேன். எனக்கு அவசரமே இல்லை என்பது போல நின்றேன். நான்கைந்து நாளில் அவளுக்குத்தான் அலுத்துப்போனது.

கொட்டகைக்கு முதல் நாள் போனபோது வேம்பு அங்கே இருந்தாள். மெலிந்த பெண். வெறும் நெற்றி. மடியில் ஆறு வயது முகிலன். அவன் பாதத்தின் விரல்கள் மேல்நோக்கி மடங்கி இழுத்துக்கொண்டிருந்தன. நாங்கள் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஜெயந்தி அபிராமியைப் பாயில் படுக்கவைத்து எண்ணெய் தடவி இழுக்க ஆரம்பித்தாள். அபிராமி போட்ட கூச்சலில் முகிலனும் அழ ஆரம்பித்துவிட்டான். நான் அவள் தோளைப் பிடித்தேன். அவளோ காலை உதறி உதைத்தாள்.

"யாராவது காலப் புடிங்க!" என்றாள் ஜெயந்தி.

யாராவது என்றால் அங்கே இன்னொருத்திதான் இருந்தாள். வேம்பு மகனைக் கீழே உட்காரவைத்துவிட்டு எழுந்து வந்தாள். அபிராமியின் இரண்டு காலையும் தன் மடியில் வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "அவ்ளோதான் கண்ணு, அவ்ளோதான், முடியப்போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் மகளின் பாவாடையில் விழுந்தது.

முடிந்து பிள்ளைகள் ஓய்ந்தபோதுதான் வேம்பு முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரரு அன்னிக்குக் கடல்ல இருந்தாரா?"

"இருந்தாரு."

"அவருதான் அடிச்சாரா?"

"இல்லன்னு சொல்றாரு. நான் பாக்கல. நான் பாக்காதத உங்ககிட்ட சத்தியம் பண்ண மாட்டேன்."

அவள் முகிலனை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால், "உங்க புள்ள காலுல வலு இருக்கு. அடுத்த தடவ நீங்க என் புள்ளையப் புடிங்க. என்னால அவன் அழுவுறதப் பாக்க முடியல" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் பிள்ளையை நான் பிடித்தேன், என் பிள்ளையை அவள் பிடித்தாள். தன் பிள்ளை கதறும்போது தாய்க்குக் கை தளர்ந்துவிடும். அடுத்தவள் பிடித்தால் தளராது. கார்த்திகைக்குள் இன்னும் சில தாய்மார்கள் வந்தார்கள், இரண்டு பக்கமிருந்தும். உடம்பில் காயம் இல்லாத பிள்ளைகளும் வந்தன. தூக்கத்தில் அலறுகிற பிள்ளைகள், அப்பா சிறையில் இருக்கிற பிள்ளைகள். ஜெயந்தியின் ஆட்கள் பாடம் சொல்லித்தர ஒரு டீச்சரை அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டை நாங்களே சமைத்தோம். ஜெயந்தி வேதாரண்யத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். கும்பகோணத்திலிருந்து அவள் அப்பா போன் செய்து சென்னையில் நல்ல வேலைக்குப் போகச் சொல்வாராம். "கொஞ்சம் வேல இருக்குப்பா" என்று ஒவ்வொரு முறையும் இவள் சொல்வாளாம்.

தை மாதம் ஒரு காலை போய்ப் பார்த்தால் கொட்டகையின் கீற்றெல்லாம் பிய்ந்து கிடந்தது. கயிறு துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தது. கப்பி உப்புத் தண்ணீரில் கிடந்தது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் புளியங்கரைதான் என்றார்கள். அவர்கள் நடுக்கரைதான் என்றார்கள். வெயில் ஏறுவதற்குள் வரப்பின் இந்தக் கோடியில் எங்கள் ஆட்கள், அந்தக் கோடியில் அவர்கள் ஆட்கள். கையில் துடுப்பு, கம்பு. நடுவில் கூரையில்லாத கொட்டகையில் நாங்களும் பிள்ளைகளும். அபிராமி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜெயந்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தஞ்சாவூரிலிருந்து, உடனே கிளம்பி வா என்று சொல்கிறார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"போயிடுங்க மேடம்" என்றேன். மனதார அல்ல. வாய் சொன்னது.

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். "முகிலனுக்கு இன்னிக்கு முறை. படுக்க வைங்க" என்றாள். அவள் ஊற்றிய எண்ணெய் பாதி தரையில் சிந்தியது.

அப்போது மனதுக்குள் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். வேண்டுதல் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. "இப்ப வா" என்றேன். அவ்வளவுதான். பயம் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. யாரோ என் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டது போல எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் வேம்புவும் எழுந்து நின்றாள். நான் என் ஊர்ப் பக்கம் நடந்தேன். அவள் தன் ஊர்ப் பக்கம் நடந்தாள். மற்ற பெண்கள் இரண்டாகப் பிரிந்து எங்கள் பின்னால் வந்தார்கள்.

எங்கள் ஆட்கள் முன்னால் போய் வரப்பின் குறுக்கே உட்கார்ந்தேன். "என்ன மிதிச்சுட்டுப் போங்க" என்றேன். "புள்ளைங்க உள்ள படுத்திருக்கு. ஒரு தடவ கொளுத்துனது பத்தலையா மாமா? இன்னும் எந்தக் கை வேணும் உங்களுக்கு?"

ஆனால் அன்றைக்குச் சண்டையை நிறுத்தியது நான் இல்லை. அந்தக் கோடியிலிருந்து வேம்புவின் குரல் வந்தது. அவ்வளவு சன்னமான உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்குமென்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் கேட்டது.

"என் புருஷன் பேரச் சொல்லித்தானே எல்லாரும் கம்பத் தூக்குறீங்க? செத்தது என் புருஷன். தாலிய எறக்குனது நான். அவரு பேர இனிமே உங்க யாருக்கும் நான் தர்றதா இல்ல. சண்ட போடணும்னா வேற யாரு பேரையாவது தேடிக்குங்க. கம்பக் கீழ போடுங்க. என் புள்ள பயப்படுறான்."

பிறகு அவள் கணவரின் அண்ணன் கோவிந்தன், அவர்தான் அந்த ஊருக்குத் தலைவர், கையிலிருந்த துடுப்பைத் தரையில் ஊன்றி, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்தார்கள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அன்று மத்தியானமே புளியங்கரையிலிருந்து ஒருவர் வந்து புதுக் கயிறு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர், யாரும் சொல்லாமலே, கூரைக்குக் கீற்று கட்டினார்கள்.

அந்த வாரமே அபிராமியைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. உப்பளத்தைச் சுற்றி அரை நாள் நடந்தாவது வேதாரண்யம் போய்விடலாம் என்று கிளம்பினேன். வேம்பு வழியில் நின்றாள்.

"எதுக்குச் சுத்திப் போறீங்க? எங்க ஊரு வழியா வாங்க. நான் கூட வர்றேன். யாரு கேக்குறாங்கன்னு பாக்கலாம்."

அபிராமியின் நல்ல கையை அவள் பிடித்துக்கொள்ள, புளியங்கரைத் தெரு நடுவில் நடந்தோம். கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. ஒரு கல்கூட விழவில்லை. பேருந்து வரும் வரை வேம்பு எங்களோடே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்த தோலை அறுத்து விடுவித்து, புதுத் தோல் வைத்தார்கள். அதற்குப் பிறகு மறுபடி எண்ணெய், மறுபடி கயிறு, மறுபடி அலறல். பிறகு அலறல் குறைந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கயிறு இழுத்தாள். வளர வளரத் தழும்பு மறுபடி இழுத்தது. இன்னொரு ஆபரேஷன் ஆனது. ஜெயந்தி எதிலும் கூட இருந்தாள். வேதாரண்யத்திலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

ஒரு புரட்டாசி மாதம் அபிராமி கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் பின்னல் போட்டுக்கொண்டாள். கோணல் பின்னல். நான் அதைத் திருத்தவில்லை. நேராகக் கம்பிக் கதவுக்குப் போய், தலைக்கு மேல் கையைத் தூக்கி அம்மனைக் கும்பிட்டேன். "கேட்டதைச் செஞ்சுட்ட. நானும் சொன்னதைச் செய்யுறேன்" என்றேன். அந்த மரத்தடியில் அப்போது வேறொரு போலீஸ்காரர். அவரும் எழுந்து கும்பிட்டார்.

எல்லாம் சுபமாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது. என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், வாய்தாவுக்குப் போய் வருகிறார். முதல்முறை கொட்டகைக்கு வந்து வேம்புவைப் பார்த்ததும், அவர் அங்கே கிடந்த உடைந்த பெஞ்சை எடுத்துச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு தம்ளர் மோரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கு மேல் இருவர் மனதிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடலில் இரண்டு ஊர்ப் படகுகளும் இன்னும் ஒன்றையொன்று விலகித்தான் போகின்றன. கோயிலும் திறக்கவில்லை. அப்பப்போ ஏதாவது பேச்சு முற்றி, ஆண்கள் முறைத்துக்கொள்வதும் உண்டு.

ஆனால் எங்கள் கொட்டகை ஒருநாளும் மூடியதில்லை. முகிலன் ஓடுகிறான். லேசாக விந்தி ஓடுகிறான், ஆனால் ஓடுகிறான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மறுபடி புளியங்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அபிராமி ஒன்பதாம் வகுப்பு. அவள் கை காதைத் தொடும் வரை எழும்புகிறது, அதற்கு மேல் போகாது. "போதும்மா, பஸ்ஸுல கம்பி எட்டுது" என்கிறாள். நானோ முன்பு போல அடங்கி ஒடுங்கிப் போகிறவள் இல்லை. பஞ்சாயத்து கூடினால் இப்போது நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் முன் வரிசையில் உட்காருகிறோம். யாரும் கூப்பிடவில்லை. நாங்களே போய் உட்கார்ந்தோம்.

நன்னிலத்தில் ஒரு அக்கா கேட்டார், "ஜெயந்தி வந்தது தற்செயல்னு உனக்குத் தோணலையா?" தோன்றலாம் உங்களுக்கு. அந்தப் பெண் வழி தவறியதும், நான் அந்தப் பாத்தியில் நின்றதும், நான் கேட்ட அதே சொல்லுக்கு அவள் வாயிலிருந்து பதில் வந்ததும் எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது. கேட்டேன், வந்தாள், இன்னும் இருக்கிறாள். எனக்கு அது போதும். அம்மனுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். அதை வெட்கமில்லாமல் எந்த ஊர் மேடையிலும் சொல்வேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது உதவி செய்ய மனம் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சண்டை நடந்த ஊருக்கு முதல் வாரம் எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். எல்லோரும் போன பிறகும் போங்கள். பிள்ளைகளின் பெயர் உங்களுக்கு மனப்பாடம் ஆகும் வரை போங்கள். இதைப் படிக்கிற யாருக்காவது என்னைப் போலத் துன்பம் இருந்தால், அம்மனிடம் போய் நில்லுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. கோபம்தான் இருக்கிறதென்றால் கோபத்தையே கொண்டுபோங்கள். என்ன வேண்டுமோ அதை அளந்து குறைக்காமல் முழுசாகக் கேளுங்கள். அவள் நம்மைப் பெற்றவள். பெற்றவளிடம் பிள்ளை குரலை உயர்த்தித்தான் கேட்கும், கேட்கட்டும்.